தெருவுக்கு முதுகு காட்டிய வீடு

மார்ச் 5

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. மழை வருவதை முதல் நாளே சொல்லிவிடுகிறது, அதனால் நம் செங்கல் சூளைக்கு உபயோகம்தான். உன் இருமல் நின்றதா? நின்றிருக்காது. நீ மருந்து குடிப்பவளா என்ன.

நீ வாடகைக்கு இருக்கும் வீட்டைச் சொந்தக்காரர் விற்கிறார் என்று எழுதியிருந்தாய். நல்லதாகப் போயிற்று. மாப்பிள்ளை போனபிறகு அச்சகத்துக்கும் வாடகை அறைக்கும் நடுவே ஒண்டிக்கட்டையாக அலைந்தது போதும், இங்கே வந்துவிடு. நம் வீட்டுச் சாமான் அறையை உனக்கு ஒழித்துத் தருவதாக முடிவாகிவிட்டது.

அதில் ஒரு சங்கடம், அந்த அறைக்கு அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும். உன் அண்ணி, "அவ என் பானை சட்டியைத் தாண்டித்தான் தெருவுக்குப் போகணுமா? தனியா ஒரு வாசல் வெச்சுக் குடுங்க" என்கிறாள். ஆகவே தெருப்பக்கச் சுவரை உடைத்து உனக்கென்று ஒரு வாசல் வைக்கப் போகிறேன். ஊரின் பழைய வீடுகளில் நம் வீடு மட்டும்தானே தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டத்தைப் பார்த்து நிற்கிறது! தாத்தா ஊரோடு கோபித்துக்கொண்டு அப்படிக் கட்டினார் என்று சின்ன வயதிலிருந்து கேலியைக் கேட்டாயிற்று. உன் புண்ணியத்தில் இப்போதாவது அது தெருவைத் திரும்பிப் பார்க்கட்டும்.

நீ எழுதுகிற ஊரின் நூறாவது ஆண்டுப் புத்தகம் எந்த மட்டில் இருக்கிறது? ஊர்த்தலைவன் நான்தான் என்பதற்காக நம் தாத்தாவை விட்டுவிடாதே. எல்லோரும் கொட்டகையில் நனைந்தபோது முதல் வீட்டைக் கட்டி முடித்தவர் அவர். கொஞ்சம் அழுத்தியே எழுது.

உன் அண்ணன்

•

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இருமல் போகவில்லை, ஆனால் உன் கடிதம் வந்தபிறகு அதைப் பொருட்படுத்தவில்லை. அண்ணி முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாளா? உன்னைக் கட்டிப்போட்டுத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

கடிதத்தைப் படித்துவிட்டு அச்சகத்திலேயே அழுதேன். பக்கத்தில் புத்தகம் தைத்துக்கொண்டிருந்த பைண்டர் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். பிறந்த வீட்டில் எனக்கென்று ஒரு வாசல்! ஆகஸ்ட் முடிவதற்குள் இந்த அறையைக் காலி செய்ய வேண்டும். போக்கிடம் இருப்பவள் மாதிரி இப்போது நிமிர்ந்து நடக்கிறேன்.

முதல் அத்தியாயம் தயார். தொழில் விவரம் சரியா என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும். இப்படித் தொடங்குகிறது:

"கடல் கடந்து வந்த ஆறு குடும்பங்கள் ஆளில்லாத இந்தப் பொட்டலில் வண்டியை அவிழ்த்தன. அவர்களுக்குத் தெரிந்தது செங்கல் அறுக்கும் தொழில் ஒன்றுதான். ஒவ்வொரு குடும்பமும் சுடாத பச்சைச் செங்கல்லின் மேல்முகத்தில் தன் குறியைப் பதித்தது: கட்டைவிரல், இரட்டை விரல், கைமுட்டி என்று ஆறு குறிகள். சுவர் எழும்பியதும் குறி சாந்துக்குள் மறைந்துவிடும். சுவரை உடைத்தால்தான் தெரியும். தன் வீட்டைத் தன் குறி போட்ட கல்லால் மட்டுமே கட்ட வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். ஒரே சுவரில் இரண்டு குடும்பத்தின் கல் கலந்ததே இல்லை. முதல் மழைக்கு முன் வீட்டை முடித்தவர் இரட்டை விரல் குடும்பத்து இளைஞர்."

தாத்தாவுக்கு இவ்வளவு அழுத்தம் போதுமா?

உன் வாயாடி

•

ஏப்ரல் 10

அன்புள்ள வாயாடிக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ எழுதியதில் தொழில் விவரம் எல்லாம் சரி. சரியாக இருப்பதுதான் இப்போது தொந்தரவு.

நேற்றுச் சுவரை உடைக்க ஆரம்பித்தோம். கொத்தனார் முதல் கல்லைப் பெயர்த்து என் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, உங்க குறி இரட்டை விரல்தானே?" என்று கேட்டார். பார்த்தால் கல்லில் விரலே இல்லை. கட்டைவிரல் நகத்தால் அழுத்திய ஒரு பிறை. அடுத்த கல்லிலும் பிறை, அதற்கடுத்ததிலும் பிறை. மூன்று தலைமுறையாகக் கல் அறுக்கிறோம், ஆறு குறியும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பிறைக்குறி போட்ட கல்லை நான் கண்ணால் கண்டதில்லை. நம் தாத்தா கட்டிய வீட்டில் நம் கல் ஒன்றுகூட இல்லை என்றால் நான் என்ன செய்ய?

தட்டிப் பார்த்தபோது ஓர் இடத்தில் ஓசை வேறு மாதிரி கேட்டது. சுலபமாக வரும் என்று அங்கேயும் கொஞ்சம் பெயர்த்தேன். அங்கே இருப்பது இன்னும் விநோதமாக இருக்கிறது. கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பெரியப்பாவைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். படுத்த படுக்கையாக இருந்தாலும் அவருக்கு நினைவு நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அண்ணன்

•

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணா,

உன் முழங்காலை விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

ஏழாவது குறியா? அப்படியானால் ஏழாவதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. எங்கே போனார்கள்? தாத்தா அவர்களிடம் வீட்டை வாங்கினாரா? முதல் வீட்டைக் கட்டியவர் என்று நாம் மார்தட்டிக்கொண்டதெல்லாம் யாரோ கட்டிய வீட்டை வைத்தா? அந்த இன்னொரு விநோதம் என்ன? பாதி சொல்லிவிட்டுப் போகிற பழக்கத்தை நீ எப்போதுதான் விடப் போகிறாய்?

பெரியப்பா சொன்னதைச் சொன்னபடி எழுது. அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். அண்ணிக்கு என் அன்பு.

உன் வாயாடி

•

ஜூன் 2

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சுகமா? பெரியப்பாவுக்கு ஒன்றும் இல்லையே? பதிலே இல்லையே என்று தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன். இப்போது என்னைக் கண்டால் அவரே எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்.

வீட்டை வாங்கியவர் வந்து அறையை அளந்துகொண்டு போனார். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், கட்டிலையும் சேர்த்து அளந்தார். பாத்திரங்களைக் கட்டி வைத்துவிட்டேன். வண்டிக்குச் சொல்லலாமா? ஒரு வரி போதும்.

உன் வாயாடி

•

ஜூன் 14

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அங்கே உன் நலம் அறிய ஆவல்.

சாமான் அறை சரிப்பட்டு வராது. சுவரெல்லாம் ஈரம் ஏறியிருக்கிறது. உன் இருமலுக்கு ஆகாது. உடைத்த இடத்தை மூடிப் பூசியாயிற்று. நீ அங்கேயே வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது. புத்தகத்தில் முன்பு எழுதியபடியே ஆறு குடும்பம் என்று இருக்கட்டும். பெரியப்பாவுக்கு ஒன்றும் நினைவில்லை.

அண்ணன்

•

ஜூன் 25

அண்ணாவுக்கு,

நலம்தான். நலமாக இல்லாமல் எங்கே போவது, எனக்குத்தான் போக்கிடமே இல்லையே.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த அறையில் தானிய மூட்டை அடுக்குவோம். ஒரு மணிகூடப் பூசணம் பிடித்ததில்லை. என் தலையைப் பார்த்ததும் ஈரம் ஏறிவிட்டதா? அண்ணி மாட்டேன் என்றாளா? சொல்லித் தொலைப்பதுதானே! சேர்ந்து வாழப் பயமாக இருக்கிறது என்று நீ நேராக எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. இந்த வயதில் வாவென்று கூப்பிட்டு, பாத்திரத்தைக் கட்டிய பிறகு வராதே என்கிறாய். பகையாளிகூட இப்படிச் செய்யமாட்டான்.

"தங்கைக்கு" என்று எழுதியிருந்தாய். நான் வாயாடியாக இருந்தவள், எப்போது வெறும் தங்கையானேன்?

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

•

ஜூலை 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை அம்மா. உனக்காக அந்த அறைக்குத் திரைச்சீலை தைத்து வைத்திருக்கிறேன். உன் கடிதத்தைப் பார்த்து அவரைக் கேட்டேன், ஈரம், மூடிப் பூசியாயிற்று என்று எழுதினாராம், அத்தனையும் பொய். சுவரை மூடவும் இல்லை, பூசவும் இல்லை. உடைத்த இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குப் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வந்தவர் தோட்டத்தில் வாந்தி எடுத்தார். வயிற்றுக்கோளாறு என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. சூளை அணைந்து கிடக்கிறது, கேட்டால் எரிந்து விழுகிறார்.

பெயர்த்த கற்களைத் தோட்டத்தில் அடுக்கி வைத்திருக்கிறார். சாந்துக்கட்டி ஒன்றை மட்டும் துண்டில் சுற்றிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். பூட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் பெருக்கும்போது அதைத் தள்ளப் போனேன், "தொடாதே!" என்று கத்திய கத்தலில் துடைப்பத்தைப் போட்டுவிட்டேன். முந்தாநாள் திடீரென்று, "எல்லாரும் ஆளுக்கொரு கல் வெச்சா நீயும் வெப்பியா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க வெக்கணும்?" என்றேன். எழுந்து போய்விட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ கேட்டால் சொல்வார்.

அண்ணி

•

ஜூலை 15

அன்புள்ள அண்ணா,

சாப்பிடு. முதலில் அதைச் செய், பிறகு இதைப் படி.

நான் கோபத்தில் கண்டபடி எழுதிவிட்டேன், அதை விடு. இத்தனை காலம் அச்சுப்பிழை பார்த்தவள் நான். ஒரு வரி விட்டுப்போனால் அடுத்த வரியின் நடையிலேயே தெரிந்துவிடும். ஏப்ரலில் எழுதிய கடிதத்துக்கும் ஜூனில் எழுதியதற்கும் நடுவே நீ எதையோ விட்டிருக்கிறாய். உன் சம்மதம் இல்லாமல் ஓர் எழுத்துக்கூட அச்சில் ஏறாது. ஆனால் என்னிடம் சொல். நம் வீட்டில் நடந்தது எதுவானாலும் அதில் எனக்கும் பாதி உண்டு.

உன் வாயாடி

•

ஜூலை 30

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதினாள் என்று புரிந்துகொண்டேன். நல்லதுதான் செய்தாள். இரண்டு வேளை சாப்பிடுகிறேன்.

ஓசை வேறு மாதிரி கேட்டது என்றேனே, அந்த இடத்தைப் பெயர்த்துக்கொண்டே போனேன். அது ஆள் உயரத்துக்கு, ஒரு வாசல் அகலத்துக்கு இருந்தது. மற்றச் சுவர் முழுக்கப் பிறைக்கல். அந்த வாசல் அளவில் மட்டும் பிறைக்கல் ஒன்றுகூட இல்லை. ஒரு கல் கட்டைவிரல், அடுத்தது முட்டி, அடுத்தது நம் இரட்டை விரல். ஆறு குறியும் கலந்து கிடந்தன. நீதான் எழுதியிருந்தாயே, ஒரே சுவரில் இரண்டு குடும்பத்தின் கல் கலந்ததே இல்லை என்று. கலந்திருக்கிறது. ஒரே ஓர் இடத்தில்.

அது நம் வீட்டின் முன்வாசல், வாயாடி. வீடு தெருவைப் பார்த்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது.

பின்னாளில் பூசிய மேல்பூச்சை உரித்துச் சாந்தைப் பார்த்தேன். தெருப்பக்கம் வழித்து மெழுகியிருந்தது. உள்பக்கம் பிதுங்கிக் காய்ந்திருந்தது. வெளியே நின்று வைத்த கல். இது எனக்குத் தெரிந்த தொழில், இதில் நான் ஏமாறமாட்டேன். வெளியே நின்று வைத்திருந்தால் உள்ளே யார் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. கையிலிருந்த கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டேன்.

பெரியப்பாவிடம் போனேன். அவரிடம் வேறொன்றும் சொல்லவில்லை. "பின் அறைச் சுவரை உடைச்சேன் பெரியப்பா" என்றேன். அவ்வளவுதான். கண்ணை மூடிப் படுத்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கதவை எதுக்குடா தொறந்த?" என்றார்.

நான் கதவு என்று சொல்லவே இல்லை.

பிறகு அவரே சொன்னார். தாத்தா சாகும் முன் அவரிடம் சொன்னதாம். வண்டியில் வந்தவை ஏழு குடும்பங்கள். பிறைக்குறிக்காரர்கள் கெட்டிக்காரர்கள், முதல் மழைக்குள் வீட்டை முடித்துவிட்டார்கள். மற்ற ஆறு குடும்பமும் கொட்டகையில். மழையோடு காய்ச்சல் வந்தது, முதலில் அந்த வீட்டுக்கு. கிணற்றுக்கு வராதே என்றார்கள், கேட்கவில்லை. தண்ணீர் இல்லாமல் எப்படி இருப்பார்கள்? ஒரு நாள் ஆறு குடும்பத்து ஆண்களும் கூடி, தங்கள் தங்கள் அடுக்கிலிருந்து கல் எடுத்துவந்து வாசலை அடைத்தார்கள். பின்னால் ஒருவன் "நான் இல்லை" என்று சொல்லிவிடக் கூடாதாம், அதற்காக ஆளுக்குக் கொஞ்சம். ஜன்னல் வழியாகச் சாப்பாடும் தண்ணீரும் கொடுப்பதாகப் பேச்சு. பிறகு ஜன்னலுக்குப் பக்கத்தில் போகவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. அதையும் பலகை அறைந்து அடைத்துவிட்டார்கள். "கொஞ்ச நாள் சத்தம் கேட்டுச்சாம். அப்புறம் மழை சத்தம்தான் கேட்டுச்சாம்" என்றார்.

"வீட்டுல எல்லாருக்குமா காய்ச்சல்?" என்று கேட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மழை விட்டபிறகு தோட்டப்பக்கம் உடைத்து உள்ளே போனார்கள். அதுதான் இன்றைக்கு நம் முன்வாசல். சூளைக்கு மேற்கே நல்ல மண்ணாக இருந்தும் யாரும் வெட்டாமல் விட்டிருக்கிறோமே ஒரு மேடு, அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். நாம் கண்ணாமூச்சி ஆடிய மேடு. வீட்டுக்குள் குடிபோக ஒருவரும் முன்வரவில்லை. தாத்தா போனார். பாட்டி அப்போது நிறைமாதமாம், கொட்டகை ஒழுகியதாம்.

ஊர்த்தலைவர்கள் எல்லோருக்கும் இது தெரியுமா என்று கேட்டேன். "உங்கப்பனோட நிறுத்திக்கிட்டோம்" என்றார். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அந்த அறையில் மூட்டை அடுக்கியிருக்கிறார்.

இந்த அறையில் உன்னைப் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. வராதே என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உன் அண்ணன்

•

ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

உன் கடிதத்தை அச்சகத்து மாடிப்படியில் படித்தேன். பைண்டர் வந்து தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால் கதவைப் பார்க்கிறேன். சும்மா தாழ் போட்டிருக்கிறேன், அதையே எழுந்து எழுந்து போய்த் திறந்து பார்க்கிறேன். நாம் பிறந்தது அங்கே, அம்மை போட்டுப் படுத்தது அங்கே, நான் கல்யாணமாகிப் புறப்பட்டதும் அங்கிருந்துதான். தாத்தா மடியில் உட்கார்ந்து அவர் விரலைப் பிடித்து விளையாடியிருக்கிறேனே அண்ணா, அந்த இரட்டை விரலை! எனக்கு அவர் மேல் வெறுப்பு வரவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

முதல் வரியைத் திருத்திவிட்டேன். "கடல் கடந்து வந்த ஏழு குடும்பங்கள்" என்று. நீ எழுதியதை எழுதியபடியே இரண்டாம் பக்கத்தில் வைத்திருக்கிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. பிழை பார்த்த தாளை இத்துடன் அனுப்புகிறேன். ஊர்க்கூட்டத்தில் படி. வேண்டாம் என்றால் நீ கிழித்துப் போடு, என்னைக் கிழிக்கச் சொல்லாதே.

நான் வருகிறேன். அந்த அறைக்குத்தான் வருவேன். நூறு வருடமாக யாரும் கேட்காததை நாமாவது பக்கத்தில் இருந்து கேட்போம். ஒரே ஒரு வேண்டுகோள்: வாசலுக்கு நிலை வை, கதவு வைக்காதே. அண்ணி தைத்த திரைச்சீலை எனக்குப் போதும்.

இன்னொன்று கேட்க வேண்டும். பெட்டியில் என்ன பூட்டி வைத்திருக்கிறாய்? இவ்வளவு எழுதியவன் அதைப் பற்றி மட்டும் ஏன் எழுதவில்லை?

உன் வாயாடி

•

ஆகஸ்ட் 20

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி சுகம். நான் நடமாடுகிறேன். பெரியப்பா போன வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார், கஷ்டப்படவில்லை. தந்தி கொடுத்தாலும் உன்னால் வந்து சேர முடியாது என்று கொடுக்கவில்லை.

கூட்டத்தில் படித்தேன். பாதியிலேயே சத்தம் கிளம்பியது. நம் ஊர்த் தச்சர், "ஊரு மானத்தை நீயே ஏலம் போடுறியா?" என்று எழுந்து நின்றார். கிழவர் புத்தி பேதலித்துச் சொன்னதை நான் நம்பிவிட்டேன் என்று ஒருவர். நான் வாதாடவில்லை. எல்லோரையும் நம் தோட்டத்துக்குக் கூட்டிவந்து, வாசலிலிருந்து பெயர்த்த அடுக்கைக் காட்டினேன். யாருக்கும் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரவர் வீட்டுக் குறி போட்ட கல்லை அவரவரே குனிந்து எடுத்தார்கள். தச்சர் முட்டிக்குறியில் தன் கைமுட்டியை வைத்துப் பார்த்தார். அப்படியே வைத்துவிட்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். விழாவுக்கு வரமாட்டோம் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். தச்சர் மட்டும் மறுநாள் காலை அளவுகோலோடு வந்து நிலைக்கு அளவு எடுத்துக்கொண்டு போனார். புத்தகத்தை நீ அச்சடி.

பெட்டியில் இருப்பதைப் பற்றிக் கேட்டாய். அதை மட்டும் உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அது சாந்துக்கட்டி. வாசலை அவசரத்தில் அடைத்ததால் ஒரு கல் கனம்தான் சுவர். அந்தக் கட்டிக்குத் தெருப்பக்கம் ஒரு முகம், உள்பக்கம் ஒரு முகம். தெருப்பக்கத்தில் ஈரச் சாந்தை இரட்டை விரலால் இழுத்து மெழுகிய தடம் இருக்கிறது. நம் வீட்டு ஆட்கள் இன்றைக்கும் அப்படித்தான் மெழுகுவோம். என் விரலை வைத்தேன், பொருந்தியது.

உள்பக்கம் நான்கு குழிகள் இருக்கின்றன. சாந்து காய்வதற்குள் யாரோ உள்ளேயிருந்து விரலால் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். இடுப்பு உயரத்துக்குக் கீழே இருந்த கட்டி அது. என் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தேன் வாயாடி. நுழையவில்லை.

சனிக்கிழமை நிலை வைக்கிறோம். கதவுக்குச் சொல்லவில்லை. கட்டியை மேட்டில் புதைக்கலாம் என்று அண்ணி சொல்கிறாள், நீ வந்தபிறகு மூன்று பேருமாகப் போகலாம். இருமல் மருந்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.

உன் அண்ணன்